விரிசலுக்குத் தெரியும்

தங்கை பவானியின் அழைப்பு வந்தபோது நான் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். "அண்ணே, அவரு போயிட்டாரு" என்றாள். கலவான தொடக்கம் கொடகவெல வரை என் கைபடாமல் ஓடுகிற ரோலர் கிடையாது. அந்தக் கையிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஸ்பேனர் நழுவியது. அவள் புருஷன், என் மச்சான் ஞானசேகரன் இருந்திருந்தால், "முதல் தடவையா? போன மாசம் கால்ல விழுந்தது என்னா?" என்று கேட்டிருப்பார்.

அவருடைய மாணவர்களான உங்களுக்கு அவர் கெம்பஸில் கணிதம் படிப்பித்த சேர். எனக்கு ஒரே பெஞ்சுக்காரர். எட்டாம் வகுப்பில், இனிச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று வாத்தியாரே கும்பிட்டு என்னை அனுப்பிவிட்டார். மச்சான் மேலே படிக்கப் போனார். சில பொருட்களை வளைத்தால் அவற்றில் மின்சாரம் பிறக்குமாம். அப்படிப்பட்ட பொருளில் விரிசல் விழுந்தால் அதன் நுனியில் என்ன நடக்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பழைய கணக்கின்படி நுனியில் இழுவை முடிவே இல்லாமல் ஏறும். "எந்தப் பொருள் அப்படி இழுபடும்?" என்பார். இழுவை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்து எழுதினால் அந்தப் பைத்தியம் அடங்கிவிடும் என்று எனக்கு விளக்கியிருக்கிறார்.

"நுனிக்குக் கிட்டப் போகப் போக மத்ததெல்லாம் உதிர்ந்துடும். ஒன்னுதான் நிக்கும். அதைப் பிடிக்கணும்."

"என் பேச்சு மாதிரியா?"

"உன் பேச்சுல நெறைய உதிரணும் மச்சான். ஆனா ஒன்னு நிக்கும்."

மூன்று வருஷத்துக்கு முன் இந்த ரோலரைச் சுற்றவைக்கும் இரும்புக் கையான கிரேங்கில் ஒரு விரிசல் விழுந்தது. விரிசல் முடிகிற இடத்தில் ஓட்டை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து கரும்பலகைச் சோக்குத் தூள் தூவினால், உண்மையான முடிவு ஈரக்கோடாகத் தெரியும். நான் சோக்குத் தேடவில்லை. கண்ணில் பட்ட இடத்தில் துளைத்தேன். லீவில் வந்திருந்த மச்சான் குந்திப் பார்த்தார். "நுனி இன்னும் தள்ளி இருக்குமோ?" என்றார். "இந்தக் கண்ணுக்குத் தப்புமா?" என்றேன். என் ஓட்டையைப் பார்த்துத்தான் அவர் ஆராய்ச்சியே நிமிர்ந்தது என்று பஸ்ஸிலும் கோயிலிலும், ஆள் பார்த்துச் சிங்களத்திலும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வரும்போதெல்லாம், "அந்தக் கிரேங்க் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். "சிங்கம் மாதிரி" என்பேன்.

மச்சான் கிட்னி வார்டில் கிடந்தபோது, அவர் கட்டுரையை வெளிநாட்டில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அதே வாரம் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். விரிசலின் இரு முகங்களிலும் மின்சாரத்துக்குப் போட வேண்டிய நிபந்தனை ஒன்றை விட்டிருந்தாராம். கட்டுரையைத் திருப்பிக் கேட்டு எழுதிவிட்டார். பவானி அழுதாள். எனக்குக் கோபம்.

"ஏத்துக்கிட்டாங்கல்ல? யாருக்குத் தெரியப் போவுது?"

"விரிசலுக்குத் தெரியும் மச்சான்."

வலக்கையில் ஊசி. இடக்கையால், கோணல் எழுத்தில் ஒரு கொப்பி முழுக்க அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார். தூங்கச் சொல்லி நர்ஸ் கெஞ்சினால், "தவ எக பேலியய் மிஸ்" என்பார் சிங்களத்தில். இன்னும் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி இரண்டு மாதம் நீண்டது. திருத்தியதை அனுப்பிய ஒன்பதாம் நாள் போய்விட்டார். பதில் இன்னும் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடித்து வேலைக்குப் போனேன். கொழுந்து குவிந்து கிடந்தது. கிரேங்கில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து சோக்குத் தூவினேன். ஈரக்கோடு என் ஓட்டைக்குப் பக்கத்தால் போய், சுண்டுவிரல் நீளம் தாண்டியிருந்தது. இனி ரோலரை ஓட்டக் கூடாது என்றேன்.

ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஓடி வந்தார். "கொழுந்து கெட்டுடும்யா. என்ன செய்றீங்க?"

"நான் போட்ட ஓட்டை தப்பு சேர். இதுக்குப் பக்கத்துல ஆள் நிக்கக் கூடாது."

அந்த வார்த்தை வாயிலிருந்து வர மூன்று வருஷம் ஆயிற்று.

கழற்றிய கிரேங்க் இப்போது என் வீட்டில், மச்சானின் படத்துக்குக் கீழே இருக்கிறது. வந்து பாருங்கள். வழக்கம்போல் கதை பெரிதாகத்தான் இருக்கும். அந்தக் கோடு எங்கே முடிகிறது என்பதை மட்டும் உள்ளபடி காட்டுவேன்.