முந்நூறு டன் தூணும் கார்மேகமும்

துபாயில் எங்கள் ஜெபல் அலி யார்டில் கார்மேகம் ரிக்கர். பாரத்துக்குச் சங்கிலி, பெல்ட் மாட்டிவிட்டு, கீழே நின்று கையாலேயே சிக்னல் கொடுக்கிற வேலை. நான் மேலே கிரேன் ஓட்டுகிறவன். பதினோரு வருஷமாக அவன் கையைப் பார்த்துத்தான் லீவரை அசைக்கிறேன். அவன் வாயை நம்ப மாட்டேன். கையை நம்புவேன்.

போன வருஷம் நாங்கள் தங்கும் கேம்ப்பில் யாரோ போனில் ஒரு படம் காட்டினார்கள். எகிப்தில் அலெக்ஸாண்ட்ரியா என்ற பழைய பட்டணம், அதில் ஒரு தூண். ஒரே கல், முந்நூறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. கிரேன் இல்லாத காலத்தில் நிமிர்த்தியது. அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதை எப்படித் தூக்கினார்கள் என்று நேரில் பார்த்தே ஆகணும். பெருநாள் லீவுக்கு டூர் பதிந்தான், என்னையும் இழுத்துக்கொண்டான். சிவகங்கைப் பக்கம் இருக்கிற அவன் பெண்சாதி சரோஜா போனில் கேட்டாள்: "நம்மூர்ல இல்லாத கல்லா? அதப் பாக்கவா பிளேன் ஏறிப் போறீக?"

பட்டணத்துக்கு ஒரே நாள்தான். சின்ன பஸ்ஸில் பன்னிரண்டு பேர், வழிகாட்டி மஹதி. முதலில் ரோமர்களின் அரைவட்ட அரங்கம். நடுவில் ஒரு கல்லில் நின்று பேசினால் குரல் சுற்றி வந்து காதில் விழுகிறது. எல்லாரும் பேர் சொல்லிப் பார்க்க, இவன் "ஹூக்க இறக்கு" என்று கத்தினான். அடுத்து கடலோரக் கோட்டை. பழைய கலங்கரை விளக்கம் நின்ற இடமாம். சுவர் சுவராகத் தடவிப் பார்த்தான்.

தூண் கடைசி. நாலரைக்குக் கேட் பூட்டிவிடுவார்கள். துபாய் பேங்கில் வேலை பார்க்கும் அனந்தகிருஷ்ணன் சார் குடும்பம் சாப்பாட்டில் ஒரு மணி நேரம் தின்றது. அப்புறம் ஒரு சந்தில், சாமான் இறக்கும் லாரி குறுக்கே நின்று பஸ் மாட்டிக்கொண்டது. மஹதி வாட்சைப் பார்த்துவிட்டு, தூண் மாஃபி, இன்னைக்குக் கிடையாது, நேரே ஹோட்டல் என்றான். கார்மேகம் முகம் செத்துவிட்டது.

அடுத்த நிமிஷம் கீழே குதித்தான். லாரி முன்னால் போய்க் கையைத் தூக்கினான். டிரைவர் முதலில் திட்டினான், பிறகு அந்தக் கையைப் பார்த்தான். பின்னால் வா, இடது, மெதுவா, நில். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. சுவருக்கு நாலு விரல் இடைவெளி விட்டு லாரி ஓரமாக ஒதுங்கியது. பஸ் உரசாமல் தாண்டியது.

நாலு இருபதுக்குத் தூணின் கீழே நின்றோம். அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. சிவப்புக் கல், உடம்பில் ஒரு ஒட்டு இல்லை. அனந்தகிருஷ்ணன் சார் போட்டோவுக்கு அடியில் போய் நிற்க, இவன் பழக்கதோஷத்தில் பதறினான்.

"சார், தள்ளி வாங்க. லோடுக்குக் கீழ நிக்கக் கூடாது."

"ஆயிரத்து எழுநூறு வருஷமா நிக்குதுப்பா. இன்னைக்கா விழப்போகுது?"

எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். பிறகு தூணை மூன்று முறை சுற்றினான். குப்புறப் படுத்து அடிப்பீடத்தைப் பார்த்தான். எப்படித் தூக்கினார்கள் என்று மஹதியைக் கேட்டான். யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றான் மஹதி, நீ என்றால் எப்படித் தூக்குவாய் என்று திருப்பிக் கேட்டான்.

கார்மேகத்துக்கு அது போதும். மண்ணில் குச்சியால் கோடு போட்டான். ஐந்நூறு டன் கிரேன் இரண்டு, தலைப்பக்கம் இத்தனை பெல்ட், வால்பக்கம் இத்தனை, தூக்குவது அரை நாள், பர்மிட் வாங்க மூன்று நாள். அடுத்த குரூப்புக்குச் சொல்லணும் என்று மஹதி எழுதிக்கொண்டான். வாட்ச்மேன் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். கார்மேகம் அவன் தோளைப் பிடித்துக் கோட்டருகே உட்கார வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தான்.