கன்னியாவில் கையால் அளந்த சூடு

வெப்பமானி இல்லாமல் ஏழு வெந்நீர்க் கிணறுகளின் சூட்டை வரிசைப்படுத்தியவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. பெருமையடிக்கிறாள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த வெப்பமானியை உடைத்தவளும் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சண்டைக் காலம் அது. நான் புவியியல் இரண்டாம் வருடம். எங்கள் வளாகத்துப் பேருந்து பத்து நாட்கள் கிழக்குக் கரையோரம் ஊர் ஊராகப் போனது. பகலில் பாறையும் மணலும் ஊற்றும் பார்ப்போம். மாலையில் அந்தந்த ஊர்ச் சனத்திடம் அவர்களுடைய நிலத்தைப் பற்றியும் வழக்கங்களைப் பற்றியும் கேட்டு எழுதுவோம். படுக்கை பள்ளிக்கூட மண்டபங்களில். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் பொறுப்பு. அந்த இடத்தைப் பற்றிய அறிக்கையைப் பார்த்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பார்கள். சுத்தியலோடு பெண்பிள்ளை காடு மேடு அலையத் தேவையில்லை, சாதாரணப் பட்டமும் ஒரு ரீச்சர் வேலையும் போதும் என்பது அம்மாவின் கட்சி. எனக்கோ சிறப்புப் பட்டம் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

நான் கன்னியாவுக்குக் கிட்ட உள்ள பாலையூற்றுக்காரி என்பதால் அங்குள்ள வெந்நீர்க் கிணறுகள் என் பொறுப்பில் வந்தன. பக்கத்துப் பக்கத்தில் ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எங்கள் ஆட்கள் இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அங்கே போவார்கள். இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்காக நாங்களும் போயிருந்தோம். முதற்கிணற்றில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் ஏழு வாளி ஊற்றிக்கொண்டு வந்தோம். நாலாவது கிணற்றுத் தண்ணீர் தலையில் விழுந்ததும் அம்மா, "அப்பாவுக்கு இப்பிடிக் கொதிக்கக் கொதிக்கத்தானே விருப்பம்" என்று சொல்லிக் குழறி அழுதார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது அப்பாவின் கிணறு. ஏழிலும் அதுதான் கூடச் சூடு என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எங்களிடம் இருந்தது ஒரேயொரு வெப்பமானி. உடையக்கூடாதே என்று அதை ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு, பஞ்சு அடைத்து, இரு முனையிலும் ஒட்டுகிற கறுப்பு ரேப்பை இறுக்கிச் சுற்றினேன். சோதனைச் சாவடிகளுக்குள்ளேயே வளர்ந்தவள், பார்த்தால் குண்டு என்றே தோன்றும் ஒன்றை என் கையாலேயே செய்து என் பைக்குள்ளேயே வைத்தேன். படித்த மூளை!

கன்னியாவுக்கு முந்திய சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்தார்கள். குழாயைக் கண்ட சிப்பாய் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். மற்றவர்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, என்னை மட்டும் நடுத்தெருவில் வைத்து அதைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினான். ரேப்பை உரித்தேன். கடைசிச் சுற்றை வெடுக்கென்று இழுத்ததில் கண்ணாடி வழுக்கித் தாரில் விழுந்து நொறுங்கியது. பாதரசம் மணிமணியாக ஓடியதை அவனும் நானும் வாய் பிளந்து பார்த்தோம். பிறகு அவன் சிரித்துவிட்டான். எனக்கு அழுகை வந்தது.

பேருந்தில் விரிவுரையாளர் வெறும் குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "அளவு இல்லாமல் அறிக்கை இல்லைப் பிள்ளை" என்றார்.

"சேர், எனக்குத் தெரிஞ்ச கிணறுகள். எது கூடச் சுடும் எண்டு கையாலயே சொல்லுவன்."

"கையாலயோ?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கன்னியாவில் இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கை வைத்துக்கொண்டு போய், நாலாவதுதான் முதலிடம் என்று அறிவித்தேன். கிண்ணியா என்ற வேறோர் ஊரிலிருந்து வந்த என் வகுப்புத் தோழி அந்தக் கிணறுகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அவள் மறுமுனையில் ஏழாவதிலிருந்து தொடங்கினாள்.

"இல்லடி, ஆறாவதுதான் சுடுது. உன்ட நாலாவது அந்தளவுக்கு இல்ல."

எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. எங்கள் கிணற்றைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? சண்டைக்கு வாயைத் திறந்தபோதுதான் பொறி தட்டியது. மூன்றாவது கிணறு சூடு குறைந்தது. அதில் நனைந்து வருகிறவளுக்கு நாலாவது கொதிக்கும். ஏழாவதும் அப்படித்தான்; அதிலிருந்து வந்தவளுக்கு ஆறாவது கொதித்தது. எங்கள் இரண்டு பேரின் கைகளும் முந்திய கிணற்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒரேமாதிரி இரண்டு வாளி தேவைப்பட்டது. கணவரின் முப்பத்தோராம் நாளுக்கு வந்திருந்த ஒரு பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எடுங்கோ பிள்ளை, ஐயர் வர நேரமிருக்கு" என்று தன் வாளிகளை நீட்டினார். அழுது வீங்கிய கண்களோடு நாங்கள் செய்வதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தோழியின் கண்ணை அவளுடைய சால்வையாலேயே கட்டினேன். இரண்டு கிணற்றில் ஒரே நேரத்தில் அள்ளி, இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. பிறகு வாளியை மாற்றி இன்னொரு தரம். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் கைகளைக் குடிதண்ணீரில் ஆறவிட்டோம். இப்படி இருபத்தொரு சோடி. வரிசை மளமளவென்று அமைந்தது, முதலிடத்தைத் தவிர. நாலாவதையும் ஆறாவதையும் வைத்தால் ஒரு தரம் இது என்றாள், மறுதரம் அது என்றாள். என் கையும் அவ்வாறே தடுமாறியது.

பேனா நாலாவதை நோக்கித்தான் போனது. போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அரைகுறை அறிக்கைக்குச் சிறப்புப் பட்டம் கிடைக்காது என்ற பயம் வேறு. ஆனாலும், "இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் அறிய முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த தவணை, வேறொரு குழுவோடு புது வெப்பமானி கொண்டு கன்னியாவுக்குப் போன விரிவுரையாளர், திரும்பி வந்து வகுப்பில் என் அறிக்கையை எடுத்தார்.

"வரிசை அப்பிடியே சரி. நாலும் ஆறும் ஒரே அளவு. நானெண்டால் அதில ஒண்டை முன்னுக்குப் போட்டிருப்பன். இவ போடேல்லை."

சிறப்புப் பட்டத்துக்கு எடுபட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா குசினியில் அடுப்போடு நின்றார். பட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப, அப்பான்ர கிணறுதானே முதலாவது?"

"இல்லையம்மா. இன்னொண்டோட சமன்."

அம்மாவின் முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நான் தலை நிமிர்ந்து சொல்லக்கூடியது இதுதான்: அப்பாவுக்காகக்கூட நான் ஒரு பாகை சூட்டைக் கூட்டிப் போடவில்லை.