கஞ்சி சுமந்த கொடைக்கானல் பெட்டி

எங்கள் வீட்டில் கொடைக்கானல் என்பது ஊர் அல்ல, ஒரு பெட்டி. வெளியே பிரம்புப் பின்னல், உள்ளே தகரம், இரண்டுக்கும் நடுவே தக்கை. மலையைக் காலி செய்து கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவர், தோல் வியாபாரத்துக்குப் போய்வந்த அத்தாவின் அத்தாவான எங்கள் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. புல்வெளியில் விரிப்பு போட்டு, குளிர்ந்ததைக் குளிராகவே தின்பதற்குச் செய்த கூடை. அதை எங்கள் ஆட்களுக்கு யார் சொன்னது? வீட்டுக்கு வந்த முதல் ரமலானிலேயே பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை அதற்குள் இறக்கிவிட்டார்கள். குளிரைக் காக்கத் தெரிந்த பெட்டி சூட்டையும் காத்தது. அஸர் தொழுகைக்குப் பின் வாங்கிய கஞ்சி, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு வரை ஆறவில்லை. தப்பாகத் தொடங்கியது, வழக்கமாக நின்றது. உல்லாசத்துக்குப் பிறந்த கூடை ஒருநாளும் உல்லாசம் போனதில்லை.

இந்த ரமலானில் அதைத் தன் கடைச் சுவரில் ஏற்றிவிட வேண்டும் என்றார் அண்ணன். பைபாஸ் பக்கம் புதிதாகப் பிரியாணிக் கடை திறக்கிறார். கண்ணாடிக் கூண்டு தயார், உள்ளே மஞ்சள் பல்பும் தயார்.

“பழசுன்னா சனங்க நின்னு பாக்குதுங்க. போட்டோ எடுக்குதுங்க.”

“உசிரோட இருக்கறதக் கூண்டுல வைப்பியாண்ணே?”

“அதுக்கு எங்கிட்டு இருந்து உசிரு வந்துச்சு? ஹாட்பாக்ஸ் வந்து எம்புட்டு வருசமாச்சு.”

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. நிறுத்திவைக்கப்பட்ட எதையும் பார்க்கவும் பொறுக்காது. சாணார்பட்டியில் வாக்கப்பட்ட மூத்த அக்கா, காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். இந்த நோன்புக்கு அவளால் இங்கே வர முடியவில்லை. நம்ம பள்ளிவாசல் கஞ்சி, நம்ம பள்ளிவாசல் கஞ்சி என்று போனில் புலம்பிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்: அவளிடம் போய்ச் சேரும்போது கஞ்சி சூடாக இருந்தால் பெட்டி வீட்டுக்கு, ஆறியிருந்தால் சுவருக்கு. தீர்ப்பு அக்காவுடையது.

“நோம்பு வச்சுக்கிட்டுப் பந்தயமா?”

“பந்தயமில்லண்ணே, பரீட்சை.”

மறுநாள் அண்ணனே தூக்குவாளியில் கஞ்சி வாங்கிவந்தார். அதற்குள் நான் ஒரு கொதிநீர்ச் சட்டியைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தேன். பசித்த பெட்டி முதல் சூட்டைத் தானே தின்றுவிடும்; அதனால் முதலில் அதற்கு ஊட்ட வேண்டும்.

“நோம்பு நாள்ல, பகல்ல சாப்புடுறது நம்ம வீட்ல இது ஒண்ணுதான்” என்றார் அண்ணன்.

சட்டியை எடுத்தேன், வாளியை இறக்கினேன், மூடியின் வாரை இழுத்துக் கட்டினேன், சாணார்பட்டி வழியாகப் போகும் நத்தம் பஸ் ஏறினேன். பாதி வழியில் பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். வெயில் சாய்ந்துகொண்டே போனது. மூடியைத் தூக்கிப் பார்க்க விரல் துடித்தது. தூக்கினால் தோற்பேன். வாரைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

“உள்ள என்ன தாயி, கோழிக்குஞ்சா?” பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டார்.

“கஞ்சிம்மா.”

“கஞ்சிக்கா இம்புட்டு பவுசு?”

அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஷேர் ஆட்டோவை மறித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வீட்டு வாசலில் கால் வைக்கவும் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. அவள் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தாள். நான் ஒரு மிடறு தண்ணீரோடு வாரை அவிழ்த்தேன். வாளியைத் திறந்தேன். ஆவி வரவில்லை.

அதற்குள் அண்ணன் போனில். “என்னக்கா, ஆறிப்போச்சுல்ல?”

அக்கா ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

“ஆவி பறக்கலடா தம்பி.”

“நாந்தான் சொன்னேன்ல.”

“இருடா. ஆவி பறந்தா ஊதிக்கிட்டுல்ல உக்காந்திருக்கணும்? நாளெல்லாம் காஞ்ச வயித்துக்கு ஊதாமக் குடிக்கிற பதம்தான் வேணும். அந்தப் பதத்துல இருக்கு.”

“அப்ப சூடா, ஆறிருச்சா? ஒண்ணச் சொல்லு.”

“ஆறுனா ஆடை கட்டும். இதுல ஆடை இல்ல. ஒன் கூண்டுல பிரியாணி அண்டாவ வையி.”

அண்ணன் குரல் கறாராக வந்தது. “பஸ்ல போனா அம்புட்டுத்தான். நாளைக்கு அதே பெட்டில நான் வண்டில கொண்டாரேன். ஊதித்தான் குடிக்கணும், பாத்துக்க.”

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் பெட்டியைக் கழுவி, மூடியை அகலத் திறந்து முற்றத்தில் வைத்தேன். விடிந்ததும் நான் அதோடு வீடு திரும்புவதற்குள் தகரம் காய வேண்டும். நாளைக்கு அதற்கு வேலை இருக்கிறது.