பதினோரு நாள் பின்தங்கிய மடிக்கணினி

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் என் மைத்துனர் வைத்திருக்கும் கார் பட்டறையில் முன்மேசை வேலை என்னுடையது. ரசீது எழுதுவேன், தொலைபேசி எடுப்பேன். எந்தக் கார் என்றைக்கு வந்தது, என்றைக்குப் போனது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். அதை யாரும் கேட்டதில்லை. எனக்குப் பிடிக்கும், எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பட்டறையின் மடிக்கணினியைத் திறந்தவன் திடுக்கிட்டேன். அதன் தேதி பதினோரு நாள் பின்தங்கியிருந்தது. உள்ளே கடிகாரத்துக்கான சிறு பேட்டரி தேய்ந்துபோய், கணினி அணைந்திருக்கும் நேரமெல்லாம் தேதியும் நின்றிருக்கிறது. தவறான தேதியைப் பார்த்துக்கொண்டு என்னால் காப்பி குடிக்க முடியாது. சரியான தேதியைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் குடித்தேன்.

அன்று உள்ளே நின்றது வாடகைக்கு ஓட்டும் ஓர் அம்மாவின் கார். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி வேகமே எடுக்காமல் முந்தின நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மார்சிலிங்கிலிருந்து சிராங்கூன் ரோடு கோயிலுக்கு அவருடைய தம்பி மகளை மணப்பெண்ணாக ஏற்றிப் போக வேண்டும். தம்பியோடு பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பெண்தான் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாளாம்: அத்தை காரில்தான் கோயிலுக்கு வருவேன், வேறு கார் வேண்டாம் என்று.

எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வை மைத்துனர் மாற்றி முடித்திருந்தார். புதிய வால்வைக் காரின் கணினிக்கு அறிமுகப்படுத்துவது மட்டும் பாக்கி. அதற்கு அந்த மடிக்கணினியில் இருக்கும் மென்பொருள்தான் வேண்டும். கம்பியைச் செருகினார். உரிமம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது.

"நேத்து ஏழு நாள் இருக்குன்னு காட்டுச்சே! மாமா, இதுல கை வச்சீங்களா?"

"தேதி தப்பா இருந்துச்சு. சரி பண்ணேன்."

"அது தப்பா இருந்ததுனாலதான் ஓடிச்சு!"

கணினியின் கணக்கில் உரிமத்துக்கு இன்னும் ஒரு வாரம். உலகத்தின் கணக்கில் அது முடிந்து நான்கு நாள். நான் உலகத்தின் பக்கம் நின்றுவிட்டேன்.

மைத்துனர் அவசரத்தில் தேதியைப் பழையபடி பின்னுக்குத் தள்ளினார். மென்பொருள் அதைக் கண்டுபிடித்து முழுவதுமாகப் பூட்டிக்கொண்டது. உரிமம் விற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவள் ஒரு தமிழ்ப் பெண். "அங்கிள், புதுப்பிக்கிறது இப்பவே முடியும். ஆனா பூட்டை ஹெட் ஆபீஸ்தான் திறக்கணும். திங்கட்கிழமை ஆயிடும் லா."

காரின் சொந்தக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லுவேன்?" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உரிம அலுவலகப் பெண்ணுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். 9.10க்குத் தேதியைச் சரிசெய்தது நான். 9.42க்கு உரிமம் நின்றது. 9.45க்குத் தேதியைப் பின்தள்ளியது நாங்கள். தவறு மென்பொருளுடையதல்ல. நாளை ஒரு கல்யாணம் இருக்கிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

இருபது நிமிஷத்தில் அவளே கூப்பிட்டாள். சிரிப்பு அடங்கவில்லை. "அங்கிள், எல்லாரும் தேதி தானாவே மாறிடுச்சுன்னுதான் சொல்லுவாங்க. நிமிஷக் கணக்கோட ஒத்துக்கிட்ட முதல் ஆள் நீங்க. என் மேனேஜர் படிச்சிட்டு ஹெட் ஆபீஸ்ல யாரையோ வீட்டுல கூப்பிட்டாரு. திறந்தாச்சு, பாருங்க."

பன்னிரண்டு மணிக்குள் வால்வைக் கார் ஏற்றுக்கொண்டது. மைத்துனர் அதை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்து, சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்தார். "அக்கா, பறக்குது. பொண்ணு இருக்கு, மெதுவாப் போங்க."

"நீ உன் மாமாவைப் பார்த்துக்க தம்பி. கடிகாரம் கிட்ட விடாதே," என்றார் அவர். போகும்போது ஹார்னை இரண்டு முறை அடித்தார். அதற்குத் தேவையே இல்லை.

மறுநாள் காலை 7.25க்கு என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. மணப்பெண்ணின் படம் என்று நினைத்துத் திறந்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எடுத்தது அது. கண்ணாடியில் மணப்பெண்ணின் சிரிப்பு பாதி தெரிந்தது, பக்கத்து இருக்கையில் தம்பியின் பட்டு வேட்டி கொஞ்சம். மீதிப் படம் முழுக்க ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மீட்டர்கள். ஒரு விளக்கும் எரியவில்லை.