பழம் கறுத்த நேரத்து மழை

இந்த ஊரில் மழை பெய்தால் யாரும் ஓடுவதில்லை. இங்கிலாந்தின் வடக்கே, பெயரைச் சொன்னாலும் உங்களுக்குப் பிடிபடாத ஒரு சிற்றூருக்குச் செவிலியாக வந்து வருடங்கள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் சொட்டச் சொட்ட நின்று சிப்ஸ் தின்கிறார்கள். நாயோடு போகிறவர் நாயின் வேகத்திலேயே போகிறார். நான் மட்டும் முதல் தூறலுக்கே கைப்பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கூரை தேடி ஓடுவேன். உடன் வேலை பார்க்கும் ஜேனட் இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஓடுவதற்குக் காரணம் உண்டு. சொன்னால் இன்னும் சிரிப்பாள் என்று சொன்னதில்லை. சின்னமனூருக்கும் குச்சனூருக்கும் நடுவே எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தலில் படர்ந்த பன்னீர் திராட்சை. காய் கறுக்கத் தொடங்கிய நாளிலிருந்து கடைசிக் குலையை வெட்டும்வரை வீட்டில் யாரும் மழையில் தலை நனையக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். பழுத்த குலையில் மழை இறங்கினால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி திரும்பியும் பார்க்க மாட்டார். நாமே ஆசைப்பட்டு நனைந்தால் மழையை வாவென்று அழைத்த மாதிரி ஆகிவிடும் என்பது அப்பாவின் வாதம். பக்கத்து நெல் வயல்காரர்கள் மழை வேண்டிக் கும்பிடும்போது நாங்கள் அதே சாமியிடம் வேண்டாம் என்று கும்பிடுவோம். சாமி பாடு திண்டாட்டம்தான். அப்பா காலமான பிறகு தோட்டத்தோடு அந்தச் சட்டத்தையும் அண்ணன் எடுத்துக்கொண்டார்.

போன மே மாதக் கடைசியில் அண்ணன் தொலைபேசியில் பேசினார். "பழம் நல்லாக் கறுத்துருச்சு ஆத்தா. வியாபாரி வந்து பாத்துட்டுப் போனாக. திங்கக்கெழம வெட்டுறாக. போன வெள்ளாமையும் மழையில போச்சு. இதுவும் போச்சுன்னா கொடியப் பிடுங்கிப்புட்டுத் தென்னைய வச்சுர வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அப்பா நட்ட கொடிகள் அவை என்பது இருவருக்கும் தெரியும். போனை வைப்பதற்கு முன், "நீயும் அங்கன நனையாம இருத்தா" என்றார். பாதி கேலி, பாதி நிஜம்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமைதான் கச்சேரி. கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் இல்லத்துக்கு நிதி திரட்ட, ஆடு மேய்கிற புல்வெளியில் மேடை போட்டு ராக் இசை. கச்சேரி எனக்குப் புதிதல்ல. வீரபாண்டித் திருவிழாவில் விடியவிடியக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அங்கே தூறல் விழுந்தால் ஒலிபெருக்கிக்காரர் தார்ப்பாய் தேடி ஓடுவார், கூட்டம் கடை ஓரங்களில் ஒதுங்கும். இங்கே மழை வலுத்ததும் கூட்டம் ஒரு கூச்சல் போட்டுவிட்டு மேடையை நெருங்கியது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பெரிய கறுப்புக் குடையை விரித்தேன்.

பின்னால் நின்ற பெரியவர் சிரித்த முகத்தோடு, "பெரிய குடை, இல்லையா?" என்றார். அவர் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, கையைப் பிடித்துக் குடைக்குள் இழுத்துக்கொண்டேன். ஒரு பாட்டு முழுக்க மரியாதைக்காக விறைத்து நின்றார். அப்புறம் அவர் மனைவியும், "உண்மையிலேயே பெரிய குடைதான்" என்றார். அவரையும் உள்ளே கூப்பிட்டேன். கடைசியில் ஜேனட்தான் என் காதில் சொன்னாள்: "அவங்களுக்கு மேடை தெரியல. குடையை மடக்கு." இந்த ஊரில் எரிச்சலையும் பாராட்டு மாதிரிதான் சொல்வார்கள். வெட்கத்தோடு மடக்கினேன்.

முதலில் நெற்றி, பிறகு உச்சந்தலை, பிறகு பின்னலுக்குள்ளே. பழம் கறுத்திருக்கிறது என்பது ஒரு கணம் நெஞ்சில் குத்தியது. அதற்குள் மேடையில் அந்த வாரம் எங்கள் இல்லத்தில் இறந்துபோனவரின் பெயரைச் சொன்னார்கள். நான்தான் அவருக்குக் கடைசியாகத் தலை வாரிவிட்டேன். அவர் மகள் முன்வரிசையில் மழையோடு மழையாக அழுதுகொண்டே கைதட்டினாள். பாட்டு ஆரம்பித்ததும் எல்லாரோடும் நானும் குதித்தேன். வாயைத் திறந்து மழையைக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜேனட் எடுத்த வீடியோவை அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

இங்கே நடுப்பகல் தாண்டியிருந்தது; ஊரில் பொழுது சாயும் நேரம். யார் யார் பார்த்தார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். முதல் ஆளாக அண்ணன். அண்ணன் மனைவி அனுப்பிய குரல் பதிவு ஒன்றும் வந்து காத்திருந்தது. "பாப்பா, இங்கன காத்தும் மழையும் பேயா அடிக்குது. ஒங்க அண்ணன் தோட்டத்துக்கு ஓடியிருக்காக. வடக்குப் பக்கம் பந்தல் சாஞ்சுருச்சாம். போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாக."

சாய்ந்த பந்தலுக்குக் கீழே நின்றுதான் நான் குதிப்பதை அண்ணன் பார்த்திருக்கிறார். வீடியோவை உடனே அழித்தேன். அறிவியல் படித்தவள்தான், எங்கள் ஊர்க் கம்பம் பள்ளத்து மேகத்துக்கும் என் தலைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் அடுத்தவர்களின் துயரத்துக்காக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் கூடப்பிறந்தவனுக்குக் கேடு செய்துவிட்டேன் என்றே மனம் அடித்துக்கொண்டது. குடையை மறுபடி விரித்தேன். இந்த முறை யார் என்ன சொன்னாலும் காதில் விழவில்லை.

மறுநாள் அண்ணனே கூப்பிட்டார். சாப்பிட்டாயா, சளி பிடித்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். "எல்லாம் வெடிச்சுப் போச்சு ஆத்தா. ஈ மொய்க்குது." பிறகு, "அந்த வீடியோவ எதுக்கு அழிச்ச? ஒங்க மதினிக்குக் காட்டலாம்னு வீட்டுக்கு வந்து தேடுறேன், காணோம்."

"எண்ணே, நான் நனைஞ்சதுனாலதான்…" என்று ஆரம்பித்தேன்.

"அட கிறுக்கி" என்றார். பிறகு ஆறுதல் சொல்கிற குரலில், "தென்னம்பிள்ளைக்குச் சொல்லிவிட்டுட்டேன். தென்னைக்கு மழை நல்லதுதானத்தா. இனிமே நீ அங்கன எம்புட்டு வேணும்னாலும் நனைஞ்சுக்க" என்றார்.

என்னைத் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

நேற்றுக் காலை பேருந்து நிறுத்தத்தில் மழை. பள்ளிப் பிள்ளைகள் வழக்கம்போல நனைந்தபடி சிப்ஸ் தின்றார்கள். நான் ஓடவில்லை. கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு அவர்களோடு நின்றேன். ஊரில் இப்போது நான் காக்க வேண்டிய கொடி ஒன்றுகூட இல்லை. இருந்தும் பேருந்து வரும்வரை தலை நனையாமல் பார்த்துக்கொண்டேன். குடைக்கு வெளியே நீட்டியிருந்த என் ஒரு கை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.