எனக்கு மட்டும் விழாத ஏச்சு

பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மேல் எனக்குப் பொறாமை. அவருடைய வெங்காயமோ, புதிதாக வாங்கிய தண்ணீர் இறைக்கிற மிசினோ காரணமில்லை. என் மனைவி அவரை ஏசுகிறாள்; என்னை ஏசுவதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். மனைவியின் ஏச்சுக்குப் பயந்து சந்தியிலேயே பொழுதைப் போக்குகிற ஆண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களைக் கண்டாலும் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில். சந்தியில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. கலியாணம் முடித்த நாளிலிருந்து என் மனைவி குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. கறியில் உப்புக் கூடினால், நான் வாய் திறக்க முன்னமே தன்னைத் தானே நொந்துகொள்வாள். காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்தினாலும், "கோவமோ?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பாள். "நீ குடுத்து வைச்சவனடா" என்பார்கள் கூட்டாளிகள். நானும் அப்படித்தான் நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். காலையில் சொன்னதை மத்தியானம் சொல்லவேயில்லை என்பாள். தான் வாங்கிய சட்டையைப் பார்த்து இது யாருடையது என்று கேட்பாள். மறதிக்காரி என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் கரண்ட் நின்றதால் கடையைப் பூட்டிக்கொண்டு வெள்ளெனவே வந்துவிட்டேன். வேலிக்கு அப்பால் பெரிய சத்தம்.

"எணை அக்கா, வாய்க்கால் உடைஞ்சு தண்ணியெல்லாம் அங்காலை ஓடுது, நீ என்னத்தைப் புதினம் பாக்கிறாய்? உனக்குக் கண் பிடரியிலையோ?"

எட்டிப் பார்த்தேன். என் மனைவி! சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் நின்று, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மண்வெட்டியால் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். ஏச்சு வாங்கிய அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவளும் சிரித்தாள். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள். கட்டின புருசன் நான், அந்தப் பல்லை அன்றுதான் கண்டேன். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பிடும்போது கேட்டேன். "தோட்டத்திலை நல்ல சிரிப்புப் போலை?"

"எந்தத் தோட்டம்? நான் தலையிடியெண்டு படுத்தெல்லோ கிடந்தனான்."

"அப்ப நகத்திலை என்ன?"

நகத்துக்குள் செம்மண். அவள் தன் கைகளையே பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. பொய் சொல்கிறவர்கள் தங்கள் கையைக் கண்டு அப்படிப் பயப்படமாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது பச்சைப் பொய். பாதிச் சோற்றோடு எழும்பி நேரே அக்காவிடம் போனேன்.

"தம்பி, உம்மடை மனுசிக்குள்ளை ரெண்டு பேரெல்லோ. ஒருத்தி வேலியடியிலை நிண்டு 'அக்கா சுகமோ' எண்டு கேட்டிட்டுப் போயிடுவா. மற்றவ வந்தா என்ரை கையிலை இருக்கிற மண்வெட்டியைப் பறிப்பா. உமக்குத் தெரியுமெண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார் அவர்.

எனக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே படுத்தெழும்புகிற எனக்குத் தெரியாதது, வேலிக்கு அப்பால் இருக்கிற அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. என் பொறாமை அந்த வெங்காயப் பாத்தியில்தான் முளைத்தது.

பேய் என்றார்கள் சிலர். தொண்டைமானாற்று முருகனிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். போய்க் கும்பிட்டோம், அன்னதானமும் சாப்பிட்டோம். திரும்பி வந்தபோதும் அவள் அப்படியேதான் இருந்தாள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலம் பார்க்கிற டொக்டர் ஒரு பெண். பல மாதங்கள் என் மனைவியோடு கதைத்த பிறகு, அவளுடைய சம்மதத்தோடு என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

பேயுமில்லை, நடிப்புமில்லை என்றார். யுத்தத்து இடப்பெயர்வுக் காலத்தில் சின்னப் பிள்ளையாக உறவுக்காரர் வீட்டில் விடப்பட்டவள் என் மனைவி. அங்கே நடந்ததைச் சொல்லும் உரிமை அவளுடையது, ஆகையால் நான் எழுதவில்லை. தாங்க முடியாதது திரும்பத் திரும்ப நடக்கும்போது, பிள்ளையின் மனம் அதைப் பங்கு போட்டுக்கொள்ளுமாம். ஒருத்தி அடங்கிப்போவாள், ஒருத்தி கோபத்தை வைத்திருப்பாள். ஒருத்தி கண்டது மற்றவளுக்குத் தெரியாமலே போகும்.

"டொக்டர், இதிலை ஆர் என்ரை உண்மையான மனுசி?"

"எல்லாரும் சேர்ந்துதான் அவ. ஒருத்தியை வைச்சுக்கொண்டு மற்றவவைத் துரத்தேலாது."

"அப்ப ஏன் மற்றவ என்னட்டை வாறேல்லை?"

டொக்டர் சொன்னார். "வீட்டிலை ஒருத்தருக்கும் கோவம் வராமல் பாக்கிறதுதான் அந்த அமைதியானவவின்ரை வேலை. உங்கடை சைக்கிள் சத்தம் கேட்டாலே அவ முன்னுக்கு வந்திடுவா."

குடுத்து வைத்தவனாம் நான்! ஊர் மெச்சிய அந்த அமைதி முழுக்கப் பயம். நான் கையோங்கியவன் இல்லை, குடிப்பவனுமில்லை. யாரோ செய்ததற்கு என் சைக்கிள் மணி ஏன் குற்றவாளியானது என்று கோபம் வந்தது. அதைவிட, அந்தப் பயமில்லாதவள் போய் நிற்க ஒரு இடம் இருக்கிறது, அது என் வீடு இல்லை என்பதுதான் சுட்டது.

அவளை எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்று நின்றேன். ஈரத் துவாயைக் கட்டிலில் எறிந்தேன். கிறீஸ் பூசிய கையால் வெள்ளைச் சுவரைப் பிடித்தேன். சேற்றுச் செருப்போடு குசினிக்குள் போனேன். எந்தப் பெண்ணும் ஏசுவாள். இவளோ துடைத்துவிட்டு வந்து, "கோவமோ?" என்று கேட்டாள். வேலிக்கு அப்பால் மட்டும் ஏச்சும் சிரிப்பும் குறையவில்லை. டொக்டரிடம் சொன்னபோது அவர்தான் என்னை ஏசினார். "ஆளைக் கூப்பிட்டு வேடிக்கை பாக்கிற வேலை வேண்டாம். அவவுக்குப் பயமில்லாத வீடாக்குங்கோ. வாறதெண்டால் தானா வருவா."

விட்டுவிட்டேன். என் துவாயை நானே காயப்போட்டேன். வேலிப் படலைக்கு வெளியிலேயே மணி அடித்து, அவள் வந்து எட்டிப் பார்த்த பிறகு உள்ளே போகப் பழகினேன். பொறாமை மட்டும் போகவில்லை. அக்கா வேலியால் வெண்டிக்காய் நீட்டும்போதெல்லாம், "இண்டைக்கும் நல்ல ஏச்சோ அக்கா?" என்று கேட்பேன். "ஓம் தம்பி, காது கிழிஞ்சுபோச்சு" என்பார் பெருமையாக. அந்தப் பெருமையைப் பிடுங்கி எடுக்க வேண்டும்போல இருக்கும்.

போன மழைக்குப் பிறகு ஒரு பின்னேரம். கடையால் வந்து களைப்பில், பழக்க தோசத்தில், "தேத்தண்ணி தாருமன்" என்றேன். அவள் குசினி வாசல்படியில் சேற்றுக் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். எழும்பவில்லை.

"ஏன், உமக்குக் கை இல்லையோ? போட்டுக் குடியும். எனக்கும் ஒண்டு போடும்."

என்னை "நீங்கள்" என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய். உள்ளே போய்த் தேத்தண்ணீர் போட்டேன். சந்தோசத்தில் சீனியை எத்தனை கரண்டி போட்டேனோ தெரியாது. வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

"சீ! உதென்ன சீனிப் பாணியோ? இவ்வளவு வயசாச்சு, ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது. என்ன இளிப்பு?"

இளித்தேன்தான். பக்கத்தில் படியில் இருந்துகொண்டேன். தோட்டத்தில் அக்காவின் மிசின் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள் குறுகியது. கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். கையில் இருந்த கோப்பையையும் சேற்றையும் பார்த்தாள்.

"நான் ஏதும் பேசிப்போட்டனோ?" மெல்லிய, பழைய குரல். "கோவமோ?"

"நல்லா ஏசினனீர். நான் போட்ட தேத்தண்ணியிலை சீனி கூடவாம். எனக்குக் கோவமில்லை."

என் முகத்தைக் கனநேரம் பார்த்தாள். பிறகு கோப்பையைத் தூக்கிப் பயந்து பயந்து ஒரு மிடறு குடித்தாள்.

"ஓம்" என்றாள். "சீனி கூடத்தான்."

அக்காவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.