சுவரின் ஈரத்துக்கு ஒரு கையெழுத்து

ஒஸ்லோவில், பனி கொட்டும் ஜனவரியில், யன்னலை விரியத் திறந்துவைத்துவிட்டுத் தொப்பியும் கையுறையுமாகப் பாண் சாப்பிடுகிற ஒருத்தியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். மூன்று கிழமையாக அது நான்தான்.

நகரின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். பக்கத்து அறையில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பொயிலர். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டிச் சில மாதங்கள்தான். அதன் புகைபோக்கி என் தலைமாட்டுச் சுவருக்குள்ளால் மேலே போகிறது. டிசம்பர் கடைசியில் அந்தச் சுவரில் தேநீர் நிறத்தில் ஈரம் கசிந்தது. மேலே வசிக்கும் வீட்டுக்காரி பெரித் வந்து சுவரைப் பார்த்தார். அடுப்பிலிருந்த என் புட்டுப் பானையையும் பார்த்தார். "ஆவி," என்றார். "யன்னலைத் திறந்து காற்று விடு."

நான் வாதாடவில்லை. சுத்தம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற ரோசம். அன்றே நோர்வேஜிய மொழியில், ஒரு எழுத்துப்பிழையும் இல்லாமல், ஈரம் என் சமையலால் வந்தது, இனி நடக்காது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மன்னாரில் எங்கள் வீட்டில் எனக்கு முன் எவரும் கையெழுத்து வைத்ததில்லை. "என்ன எழுதியிருக்கெண்டு தெரியாமல் விரல் வைக்கிற காலம் எங்களோட முடிஞ்சுது, பிள்ளை," என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னவர் அப்பா.

"இண்டைக்கும் பாணோ?" என்றார் அம்மா தொலைபேசியில்.

"ஓம்."

"இவ்வளவு படிச்சு என்ன, சோத்துப் பானைக்குப் பயப்பிடுறாய்."

"பயமில்லையம்மா, குளிர்."

"அப்ப யன்னலைப் பூட்டனடி!"

பூட்டவில்லை. சமையலும் இல்லை. ஈரமோ தலையணை வரை இறங்கிவிட்டது. சமைக்காத அறையில் ஆவி எங்கிருந்து வருகிறது? படிப்பு கேட்கச் சொன்னது. ரோசம் வாயைப் பொத்தியது.

நேற்று, புகைபோக்கிகளைப் பார்வையிட நகரசபை அனுப்பும் ஆள் வந்தார். கறையை விரலால் தொட்டு முகர்ந்தார். "சமையல் இல்லை. புகை." புதுப் பொயிலரின் புகையில் சூடு குறைவு. பழைய செங்கல் புகைபோக்கி அதற்கு மிகப் பெரிது. உச்சிக்குப் போவதற்குள் புகை குளிர்ந்து, நீராகிக் கரியோடு வழிகிறது. உள்ளே ஒடுங்கிய உருக்குக் குழாய் இறக்க வேண்டுமாம். பிறகு யன்னலைக் காட்டினார். "இதை நாள் முழுக்கவா திறந்து வைத்தாய்? அதனால் சுவர் இன்னும் அதிகமாகக் குளிர்ந்திருக்கிறது."

கூடவே வந்து நின்ற பெரித் சிரித்தார். "பத்து நிமிடம்தான் திறப்பது. எல்லாருக்கும் தெரியுமே!"

"என் கடிதத்தைத் திருப்பித் தாருங்கள்," என்றேன்.

"எதற்கு? கோப்பில் பத்திரமாக இருக்கிறது. எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய்!"

இன்று மத்தியானம் யன்னலைப் பூட்டிவிட்டுப் புட்டு அவித்தேன். கண்ணாடி முழுக்க நீர் பூத்தது. அது என்னுடையது; துடைக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து, சுவரின் ஈரம் என்னுடையதல்ல என்று இன்னொரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு கையில் அந்தக் கடிதம், மறு கையில் பெரித்துக்கென்று ஒரு தட்டுப் புட்டு. கீழே என் அடுப்பு, மேலே அவர் கதவு. பாதிப் படியில் நிற்கிறேன். எதை முதலில் நீட்டுவது என்று தெரியவில்லை. புட்டு ஆறுகிறது.